ஏவல்

வியாழன் மாலை. வேரிங்ஹௌசனில் மழை.
வரிசை கலைந்து, காலிப் பெட்டிகளை மடித்து அடுக்கியபின்
மேசையில் மிஞ்சியவை இரண்டு:
ஒரு முள்ளங்கி, அன்னக்ரெட்டின் மடிக்கணினி.

குளிரறை பழுதாகிப் பத்து நாள்.
புது கம்ப்ரெசர் நாலாயிரத்து இருநூறு யூரோ.
நாளைக்குள் ஹாகன் நகரத்துக் கடைக்காரர்
நூற்றுப் பதினாறு பேருக்குக் கடுதாசி போகவேணும்.
"நீ அதனிடம் கேள்" என்றாள்.
"எனக்கு மெஷினோடு கதைக்க வெட்கம்."

என் ஜெர்மன் கவுண்டர் ஜெர்மன்.
எத்தனை பேர், பை இருக்கிறதா, அடுத்தவர்.
அதனால் தமிழிலேயே தட்டினேன்:
எங்கள் உணவு வங்கிக்கு உதவி கேட்டு
உருக்கமாக ஒரு கடிதம் ஜெர்மனில் எழுது.

மூச்சு விடுமுன் எழுதிவிட்டது.
கண்ணீர் ததும்பும் தாய். கிழிந்த கையுறையில் குழந்தை.
நம்பிக்கையின் ஒளி, அன்பின் பாலம்.
மரியா என்று ஒருத்தி, இரண்டு பிள்ளைகளாம்,
"இந்த இடம் என் உயிரைக் காத்தது" என்றாளாம்.
எங்களிடம் மரியா இல்லை.
இருந்தும் அன்னக்ரெட் பட்டியலை
இரண்டு தரம் பார்த்தாள்.

எள் என்றால் எண்ணெயாய் நிற்கிறது.
எனக்கு வேண்டியிருந்ததோ
எள்.

இலக்கண வகுப்பில் ஏவல் என்றால்
நட, வா, உண், எழுது.
எதிரில் ஓர் ஆள் நின்றால்தான் அந்த வினைக்கு உயிர்.
வெளியே ஏவல் என்றால் வேறு:
எலுமிச்சம்பழம், குங்குமம், அடுத்த வீட்டு வாசல்.
வாய் பிசகினால் ஏவியவனிடமே திரும்பும் என்பார்கள்.
இது எந்த ஏவல்
என்று யோசித்துக்கொண்டே மறுபடி தொடங்கினேன்.

எழுதுவது நாங்கள். பதினொரு பேர், சம்பளம் இல்லை,
இரண்டு பேருக்கு முதுகுவலி.
வாசிப்பவர் நாள் முழுக்க நின்று களைத்தவர்,
அரைப் பக்கத்துக்கு மேல் தாங்கமாட்டார்.
கேட்பது கம்ப்ரெசர். அதை முதல் வரியில் கேள்.
கண்ணீர் வேண்டாம். பாலம் வேண்டவே வேண்டாம்.
நான் தராத மனிதரை உண்டாக்காதே.
தெரியாத இடத்தை வெறுமையாய் விடு.

ஒரு கட்டத்தில் கை தானாக ஓடியது.
வரிசை கலைந்த பிறகே வருகிற ஒருத்தி,
ஏன் அப்படி வருகிறாள், யார் கண்ணில் படாதிருக்க,
மகனுக்கு எந்த வகுப்பு,
எல்லாம் தட்டிவிட்டேன்.
இதைக் கொடுத்தால் கடிதம் பழுத்துவிடும், தெரியும்.
பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் வந்து அழித்தேன்.
அவள் பெயரை இங்கேயும்
எழுதப் போவதில்லை.

பதிலாக இதைச் சேர்த்தேன்:
சனிக்கிழமை கடைகள் தரும் தயிர்
திங்கள் வரை தாங்காது.

இம்முறை வந்தது சின்னக் கடிதம்,
அழகென்று சொல்ல ஏதுமில்லை.
அன்னக்ரெட் அச்செடுத்து வாசித்தாள்.
"யார் இது, அமைச்சரா?" என்று
ஒரேயொரு சொல்லைப் பென்சிலால் அடித்தாள்.
பிறகு நின்றாள்.
நடுவில் ஒரு வெற்றிடம், பக்கத்தில் ஒரு கேள்வி:
பழுதான பின் ஒரு நாளில்
எத்தனை கிலோ எறிகிறீர்கள்?

நாங்கள் நிறுத்துப் பார்த்ததே இல்லை.
எறிவதை யார் நிறுப்பார்கள்?

உருளைக்கிழங்குத் தராசை அவள் தூக்க
கைபேசி வெளிச்சத்தோடு நான் முன்னே நடந்தேன்,
முற்றத்துக் குப்பைத் தொட்டிவரை, மழையில்.
ஏவியது திரும்பி வந்து
எங்களை ஏவியிருந்தது.

வாடிய கோசு, வீங்கிய பால் பெட்டிகள், இறைச்சி.
ஒவ்வொன்றாய் எடுத்துத் தட்டில் வைத்தோம்.
மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு
அவள் எண்களைக் கையில் எழுதினாள்.

முப்பத்தொரு கிலோ, எண்ணூறு கிராம்.
மூடிகளில் ஒட்டியிருந்த தயிரை
கணக்கில் சேர்க்கவில்லை.